'பொய்' மெய்யான கதை

சென்ற மாதம் தம்பி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 2017 ஆம் ஆண்டில் எங்கள் பத்திரிகையின் இணையப் பிரிவில் நிரல் எழுதுபவராகப் பணியாற்றியவர். இப்போது கனடாவில் மென்பொருள் நிறுவனமொன்றில் பொறுப்பான பதவியில் இருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு அவர் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம். ஜாவாஸ்கிரிப்ட் செயலிகளில், ஓடும் சூழலுக்கேற்ப அமைப்பு மதிப்புகளை மாற்றுவது எப்படி என்பது தலைப்பு. "அண்ணை, எங்கட அந்தக் கதையைச் சொல்லட்டா? உங்கட பங்கைச் சொல்லமாட்டன்" என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

அந்தக் கடைசி வரியை என்னால் இலகுவில் கடந்து போக முடியவில்லை. ஆகவே அவர் சொல்லுவதற்கு முன்னர் நானே இங்கு எழுதிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

நான் கலைப்பட்டதாரி. கணினியை முறையாகப் படித்தவனல்லன். இவ்விடயத்தில் எனக்குத் தெரிந்தவையெல்லாம் இரவுப் பணியின்போது வெறுந்தேநீர் குடித்தபடி அந்தத் தம்பி சொல்லித் தந்தவையும், பின்னர் குற்றவுணர்வின் காரணமாக நானாகத் தேடி வாசித்தவையுமே. துறைசார்ந்த வாசகர்கள் எனது எளிமைப்படுத்தலைப் பொறுத்துக் கொள்ளவேண்டும்.

முதலில் எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து தொடங்குகிறேன். நான் பத்திரிகைத் துறைக்கு வந்த 1990களின் நடுப்பகுதியில், ஒரே நாளில் ஒரே பத்திரிகை இரண்டு பதிப்புகளாக அச்சாகும். தூர மாவட்டங்களுக்குச் செல்லும் பதிப்பு முன்னிரவிலேயே அச்சேறிவிடும். நகரப் பதிப்பு நள்ளிரவுக்குப் பின்னர் ஏறும். பக்கங்களில் பெரும்பாலானவை ஒன்றேதான். மாறுபவை சிலவே: பதிப்பைக் குறிக்கும் நட்சத்திரம், பிந்திய செய்திக்கான பெட்டி, சில விளம்பரங்கள், 'இன்று', 'நேற்று' என்னும் சொற்கள். அந்தச் சிலவற்றை மாற்றுவது இரவுப் பணியிலுள்ள உதவி ஆசிரியரின் பொறுப்பு. நகரவாசிக்கு எழுதிய 'இன்று' தவறுதலாகத் தூர மாவட்டப் பதிப்பில் போய்விட்டால், மறுநாள் மாலை அதைக் கையிலெடுக்கும் வாசகர் நடந்து முடிந்த கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போவார். அப்படிப் போனவர்களின் கடிதங்கள் எங்களுக்கு வந்திருக்கின்றன.

மென்பொருளிலும் இதே சங்கதிதான். ஒரே நிரல் குறைந்தது மூன்று இடங்களில் ஓடுகிறது. எழுதுபவரின் மடிக்கணினி முதலாவது. பரீட்சார்த்தத்துக்கென ஒதுக்கிய சேர்வர் இரண்டாவது. வாசகர் வந்துபோகும் உண்மையான சேர்வர் மூன்றாவது. நிரல் ஒன்றேயாயினும் அது பேசவேண்டிய தரவுத்தளத்தின் முகவரி வேறு, பணம் அறவிடும் வங்கிச் சேவையின் சாவி வேறு, மின்னஞ்சல் போய்ச்சேர வேண்டிய ஆட்கள் வேறு. இந்த வேறுபாடுகளை எங்கே எழுதி வைப்பது, எப்படி மாற்றுவது என்பதே கேள்வி.

பழைய வழி மிக எளிது. நிரலுக்குள்ளேயே இரண்டு முகவரிகளையும் எழுதி, வேண்டாததை அடித்துவிடுவது. வெளியிடும் நாளில் அடித்ததை அவிழ்த்து மற்றதை அடிக்கவேண்டும். மறந்தால் கதை முடிந்தது. அதற்கடுத்த வழி, உலாவியின் முகவரிப் பட்டையிலுள்ள பெயரைப் பார்த்து நிரலே முடிவெடுப்பது. 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தால் பரீட்சார்த்தம், இல்லாவிடின் மெய். இதுவும் சிறிய வேலைகளுக்குப் போதுமானது. ஆயினும், தெரியாத ஒரு பெயர் வரும்போதெல்லாம் அது மெய்யென்றே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழிதான் இன்று பரவலானது. மதிப்புகளை நிரலுக்கு வெளியே, அது ஓடும் இயந்திரத்தின் சூழலில் வைத்துவிடுவது. யுனிக்ஸ் இயங்குதளத்தின் 1979 ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பிலேயே இந்தச் சூழல் மாறிகள் வந்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்டை உலாவியிலிருந்து வெளியே கொணர்ந்து சேர்வரில் ஓடச்செய்த நோட் ஜேஎஸ் 2009 இல் வந்தபோது, அந்தப் பழைய ஏற்பாட்டையே 'புரொசஸ் என்வ்' என்ற பெயரில் எடுத்துக் கொண்டது. எக்ஸ்பிரஸ் என்னும் சட்டகத்தின் வாயிலாக 'நோட் என்வ்' என்னும் மாறி ஒரு மரபாகவே நிலைபெற்றது. அதில் 'புரொடக்சன்' என்று எழுதியிருந்தால் நிரல் வெளியாருக்கு முன்னால் நிற்பதாக எண்ணி அடக்கமாக நடந்துகொள்ளும். பிழை நேரும்போது உள்விவரங்களை அவிழ்த்துக் கொட்டாது. ஒன்றும் எழுதாவிட்டால், தான் இன்னும் எழுதுபவரின் மேசையில் இருப்பதாகவே எக்ஸ்பிரஸ் எடுத்துக்கொள்ளும்.

2011 இல் ஹெரோக்கு நிறுவனத்தின் இணை நிறுவுநர்களில் ஒருவரான அடம் விக்கின்ஸ் 'பன்னிரு காரணிச் செயலி' என்ற பிரகடனத்தை எழுதினார். அதிலொரு காரணி முழுவதும் இதைப் பற்றியதே. உங்கள் நிரலை இந்தக் கணமே உலகத்துக்குத் திறந்துவிட்டால் ஏதாவது இரகசியம் வெளிப்படுமா? வெளிப்படுமாயின் நீங்கள் அமைப்பையும் நிரலையும் பிரிக்கவில்லை என்பது அவர் வைத்த உரைகல். அதே பிரகடனம் மதிப்புகளைப் 'பரீட்சார்த்தம்', 'மெய்' என்று பெயரிட்டுக் கட்டுக்கட்டாகக் கட்டி வைப்பதையும் ஏற்கவில்லை. ஒவ்வொரு மதிப்பும் தனித்தனியே நிற்கவேண்டும் என்கிறது.

உலாவியில் ஓடும் நிரலுக்கு இந்த வசதி கிடையாது என்பதையும் தம்பி எனக்கு விளங்கப்படுத்தினார். வாசகரின் கைத்தொலைபேசியில் எங்கள் சேர்வரின் சூழல் எப்படி இருக்கும்? ஆகவே வெப்பேக் போன்ற கருவிகள் நிரலைக் கட்டும் நேரத்திலேயே அந்த மாறியின் பெயர் வரும் இடங்களில் மதிப்பைப் பதித்துவிடுகின்றன. "அச்சடிச்ச பேப்பர் மாதிரி அண்ணை. பிறகு மாத்தேலாது" என்றார். மாற்றவேண்டுமென்றால் மறுபடியும் கட்டவேண்டும். அல்லது பக்கம் திறக்கும்போது ஒரு சிறு அமைப்புக் கோப்பைச் சேர்வரிலிருந்து வாங்கி வாசிக்கச் செய்யவேண்டும். பதித்த மதிப்பை எவரும் பிரித்துப் பார்க்கலாம் என்பதால், அங்கே இரகசியச் சாவி எதையும் வைக்கலாகாது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

2017 ஒக்டோபர் மாதம். உடனடிச் செய்திகளை வாசகரின் கைத்தொலைபேசிக்கு நேரே அனுப்பும் சேவையைத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சில ஆயிரம் பேர் இணைந்திருந்தார்கள். செய்தியைத் தட்டி அனுப்பும் திரையைத் தம்பி புதிதாக எழுதியிருந்தார். பரீட்சார்த்தச் சேர்வரில் அதைப் பரிசோதிக்க என்னை அழைத்தார். அங்கிருந்து அனுப்பினால் அலுவலகத்தின் ஐந்து கைத்தொலைபேசிகளுக்கு மட்டுமே போகும் என்றார்.

என்ன எழுதுவது என்று கேட்டேன். "'பரீட்சார்த்தம்' எண்டு அடிச்சாக் காணும் அண்ணை" என்றார். நான் கேட்கவில்லை. ஒற்றைச் சொல்லை அடித்தால் நீளமான தமிழ்ச் செய்தி சிறிய திரையில் எந்த இடத்தில் முறிகிறது என்று எப்படித் தெரியும் என்று வாதிட்டேன். உண்மையைச் சொன்னால் அதுவன்று காரணம். இருபது வருடத்துக்கு மேல் தலைப்பு எழுதிய கைக்கு உப்புச் சப்பில்லாத சொல்லை அடிக்க மனம் வரவில்லை. கிழக்குக் கரையோரத்துக்குச் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதாகவும், மக்கள் உடனடியாக வெளியேற வேண்டுமெனவும் அச்சுப் பிசகாமல் எழுதினேன். 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தியதும் நான்தான்.

எங்கள் ஐந்து தொலைபேசிகளும் ஒலித்தன. நாங்கள் சிரித்தோம். இரண்டு நிமிடம் கழித்து, அந்த ஐந்தில் இல்லாத ஒரு தொலைபேசியும் ஒலித்தது. விளம்பரப் பிரிவிலிருந்த சகோதரி ஒருவர் தமது கைத்தொலைபேசியை ஏந்தியபடி முகம் வெளிறி எங்கள் அறைக்குள் வந்தார்.

நடந்தது இதுதான். மெய்யாக அனுப்புவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கத் தம்பி ஒரு சூழல் மாறி வைத்திருந்தார். அவருடைய மடிக்கணினியில் அந்த மாறியே எழுதப்படவில்லை. இல்லாத மாறியை ஜாவாஸ்கிரிப்ட் 'இல்லை' என்றே கொள்ளும். ஆகவே வாரக்கணக்காக அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. பரீட்சார்த்தச் சேர்வரில் ஏற்றும்போது, கூடுதல் கவனம் எடுத்து, அந்த மாறிக்கு எதிரே 'ஃபோல்ஸ்', அதாவது பொய் என்று தெளிவாக எழுதி வைத்தார். அங்கேதான் பிசகியது. சூழல் மாறியில் எதை எழுதினாலும் நோட் அதை வெறும் எழுத்துச் சரமாகவே நிரலிடம் கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டைப் பொறுத்தவரை வெறுமையான சரமொன்றே பொய். ஓரெழுத்தாவது இருந்தால் அது மெய். 'பொய்' என்னும் சொல்லிலும் எழுத்து இருக்கிறதல்லவா? ஆகவே அது மெய்யாயிற்று. எழுதாமல் விட்டிருந்தால் ஒன்றும் நடந்திராது. கவனமாக எழுதியதால் நடந்தது.

இன்னொரு பிழையும் இருந்தது. அவசரத்தில் மெய்யான சேர்வரின் அமைப்புக் கோப்பைப் பிரதிபண்ணியே பரீட்சார்த்தச் சேர்வருக்கும் வைத்திருந்தார்கள். ஆகவே வாசகர்களுக்கு அனுப்புவதற்கான மெய்ச் சாவி அங்கேயும் இருந்தது. அந்தச் சாவி இல்லாதிருந்தால், மாறி எப்படிப் பிசகினாலும் ஒரு செய்திகூட வெளியே போயிராது.

மறுப்புச் செய்தியை அனுப்ப எங்களுக்குப் பதினொரு நிமிடம் பிடித்தது. தட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். மிகுதிப் பத்தும் யார் அனுமதிப்பது என்று பேசுவதிலேயே கழிந்தது.

அதற்கிடையில் அலுவலகத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிட்டது. நான்காவதோ ஐந்தாவதோ அழைப்பை நான் எடுத்தேன். மட்டக்களப்புக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஓர் அம்மா. பேரப்பிள்ளைகள் இருவரைக் கூட்டிக்கொண்டு பிரதான வீதிவரை ஓடி வந்து நிற்பதாகச் சொன்னார். பின்னால் வாகன இரைச்சலும் பிள்ளையொன்றின் அழுகையும் கேட்டன. செய்தி தவறானது, ஒன்றுமில்லை என்றேன். அவர் ஏசவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்ப வீட்ட திரும்பிப் போகலாமா மகன்?" என்று மட்டும் கேட்டார். போகலாம் அம்மா என்றேன். "நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்றேன்.

2004 டிசெம்பர் 26 அன்று இந்நாட்டில் 30 ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் கடல் கொண்டுபோயிற்று. அன்று எச்சரிக்க எவருமில்லை. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் ஓடினார்கள், நல்லவேளையாகக் கடல் வரவில்லை. அவ்வாறு ஓடப் பழகிய ஒரு சனத்திடம், எழுத்து எங்கே முறிகிறது என்று பார்ப்பதற்காக நான் விளையாடியிருந்தேன். அந்த அம்மா 2004 இல் யாரை இழந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு இருக்கவில்லை.

மறுநாள் விசாரணை நடந்தது. நிர்வாகம் கேட்டதெல்லாம் நிரலைப் பற்றியே. செய்தியை யார் எழுதியது என்று எவரும் கேட்கவில்லை. அறிக்கையில், பரீட்சார்த்தத்துக்காக 'இடப்பட்டிருந்த' வாசகம் வெளியே சென்றுவிட்டதாக எழுதப்பட்டது. செயப்பாட்டு வினையின் பயன்பாட்டைப் பற்றி இளம் நிருபர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். எழுவாய் எங்கே போனது என்று கேட்கச் சொல்லிக் கொடுப்பவன். அன்று அந்த வினைக்குள் நானே ஒளிந்துகொண்டேன். பத்திரிகையில் வெளியான வருத்தக் குறிப்பையும் நான்தான் எழுதினேன். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று அது தொடங்கியது.

தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வருடாந்தச் சம்பள உயர்வையும் நிறுத்தினார்கள். 'பரீட்சார்த்தம்' என்று எழுதச் சொல்லியிருந்தேன் என அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போனார். போவதற்கு முன்னர் எல்லாவற்றையும் திருத்தி வைத்துவிட்டே போனார்.

அவர் செய்த திருத்தங்களை, இத்துறையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்லுகிறேன். முதலாவது, அந்த மாறியின் மதிப்பு 'மெய்' என்னும் சொல்லுக்கு எழுத்துக்கெழுத்துச் சமமாக இருந்தாலன்றி மெய்யாகக் கொள்ளப்படமாட்டாது. இரண்டாவது, மாறிகள் யாவும் நிரல் தொடங்கும்போதே ஒரே இடத்தில் வாசிக்கப்பட்டுச் சரிபார்க்கப்படும். ஒன்று இல்லாவிட்டாலும், புரியாத மதிப்பாக இருந்தாலும் நிரல் ஓடாமல் நின்றுவிடும். ஊகித்துக்கொண்டு ஓடுவதைவிட நிற்பது மேல். மூன்றாவது, பரீட்சார்த்தச் சேர்வரில் மெய்ச் சாவி எதுவும் இருக்காது. நான்காவது, பரீட்சார்த்தத் திரையின் தலைப்பட்டை சிவப்பு நிறத்தில் இருக்கும், அங்கிருந்து அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் 'பரீட்சார்த்தம்' என்ற சொல்லை நிரலே சேர்த்துவிடும். இந்த நான்காவது என்னைப் போன்றவர்களுக்காக என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. மாறிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து வாசிக்கும் வசதிக்கு அன்று டொட்என்வ் என்னும் தனிப்பொதி தேவைப்பட்டது. 2023 இல் வந்த 20.6 பதிப்பிலிருந்து நோட் தானாகவே அதைச் செய்கிறது. ஆனால் அதற்கும் மதிப்புகள் யாவும் எழுத்துச் சரங்களே. ஆகவே முதலாவது திருத்தம் இன்றும் வேண்டியதே.

எங்கள் சம்பவத்துக்கு மூன்று மாதங்களின் பின், 2018 ஜனவரி 13 காலையில், ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருவதாகக் கைத்தொலைபேசிகளுக்கு எச்சரிக்கை போயிற்று. ஒத்திகை ஒன்றை மெய்யென்று நம்பி அனுப்பியதாக அந்த அலுவலர் பின்னர் கூறினார். தொலைபேசிகளுக்கு மறுப்பு வர 38 நிமிடங்கள் ஆயின. செய்தியைத் திரையில் வாசித்தபோது எனக்கு வேர்த்தது. அங்கே சூழலைப் பிழையாக வாசித்தது இயந்திரமன்று, மனிதர்.

எமது தொழிலிலும் இதற்கு உதாரணங்கள் குறைவில்லை. 2003 ஏப்ரலில் சீஎன்என் இணையத்தளத்தின் பரீட்சார்த்தப் பகுதி கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்ததால், பிடல் காஸ்ட்ரோ, நெல்சன் மண்டேலா முதலானோர் உயிரோடிருக்கையிலேயே அவர்களுக்காக ஆயத்தப்படுத்திய அஞ்சலிப் பக்கங்களை உலகம் பார்த்தது. 2020 நவம்பரில் பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலி தனது தளத்தைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது நூறளவு பேரின் மரணச் செய்திகள் வெளியாகிவிட்டன. எலிசபெத் மகாராணியும் பெலேயும் அப்பட்டியலில் இருந்தனர். இருவரும் அதற்குப்பின் இரண்டு வருடம் வாழ்ந்து 2022 இல்தான் காலமானார்கள்.

ஈய எழுத்துக் காலத்தை அறிந்த மூத்த ஒப்புநோக்குநர் ஒருவர் நான் சேர்ந்த புதிதில் ஒரு புத்தி சொன்னார். பக்கத்தை நிரப்பிப் பார்க்க வெறுமனே எதையாவது அடிக்கும்போதும், மறுநாள் அச்சில் வந்தால் தலைகுனிய வேண்டியிராததையே அடிக்கவேண்டும் என்றார். அதை நான் இளையவர்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அன்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. பரீட்சார்த்தச் சேர்வர் என்ற பெயர் தந்த தைரியம்.

தம்பிக்கு நேற்றிரவு பதில் எழுதினேன். கதையை வகுப்பில் தாராளமாகச் சொல்லும்; ஆனால் என் பங்கை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக்கதை, பாதிப் பாடம். மாறியைப் பிழையாக வாசித்தது உமது நிரல். உமது சொல்லைக் கேளாமல் அந்தச் செய்தியை எழுதி அனுப்பியது நான். விசாரணையில் வாய்மூடி இருந்ததும் நான் என்று எழுதினேன். எட்டு வருடம் பிந்திய திருத்தக் குறிப்பு இது. அவருக்கு நின்றுபோன சம்பள உயர்வை இது மீட்டுத் தராது.

காலையில் ஒரு வரியில் பதில் வந்திருந்தது. "பரவாயில்லை அண்ணை. அந்த அம்மா வீட்ட போய்ச் சேர்ந்தாவோ?"

தெரியாது. நான் திரும்ப எடுத்துக் கேட்கவில்லை.